சாயம் வெளுக்கட்டும்!

(தலைப்பு: ஆளுக்கு அழகு சேர்ப்பது ஆடையா? ஆடைக்கு அழகு சேர்ப்பது ஆளா? – ‘ஆளே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் பட்டும் சரிகையுமாக வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, மேகமலையின் மடியில் இருக்கும் இந்தச் சின்னமனூரின் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால பேசின எதிரணி அம்மா, ‘ஆள் பாதி, ஆடை பாதி’ன்னு முழங்கிட்டுப் போனாங்க. ஐயா, அந்தப் பழமொழியிலேயே முதல்ல வர்றது ஆள்தான். ஆடை அப்புறமாத்தான் வருது! (கைதட்டல்) ஆளே இல்லாம ஆடை மட்டும் நின்னா, அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? சோளக்கொல்லைப் பொம்மை! (சிரிப்பு)

ஆனா ஐயா, ஆள் இல்லாமத் தானா நிக்கிற ஒரு உடுப்பை நான் எங்க வீட்டுலயே பார்த்தேன். என் மகன் சென்னையில வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். ஒரு ஜீன்ஸ் போட்டிருந்தான். ராத்திரி கழற்றிச் சுவர் ஓரமா வெச்சான். அது தன்னாலே நிக்குது! அட்டையில செஞ்ச மாதிரி அப்படி ஒரு விறைப்பு. எங்க வீட்டுக்காரர் இருட்டுல பார்த்துட்டு, ‘யார்றா அவன்?’னு கத்திட்டார். (பலத்த சிரிப்பு)

‘என்னடா இது?’ன்னேன். ‘ம்மா, இது ரா டெனிம். ஆறு மாசமாத் துவைக்காமப் போடுறேன்’னு பெருமையாச் சொல்றான்.

நடுவர்: ஆறு மாசமா? அம்மா, அது தானா நின்னதோட விட்டுச்சே, நடந்து போகலையே! (சிரிப்பு)

அதைத்தாங்க ஐயா நானும் நினைச்சேன். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நான். என் வீட்டுலயே ஆறு மாசம் துவைக்காத உடுப்பா? கிட்டப் போய்ப் பார்த்தேன். தொடை மடிப்புல வெள்ளை வெள்ளையாக் கோடு. அதுக்குப் பேரே மீசையாம்! எங்க வீட்டுக்காரர், ‘ஏண்டா, மூஞ்சியில வளர்க்க வேண்டியதைத் தொடையில வளர்க்கிறே?’ன்னார். (சிரிப்பு) முழங்காலுக்குப் பின்னால தேன்கூடு மாதிரி கட்டம். பையில செல்போன் வெச்ச இடத்துல செவ்வகமா ஒரு தடம்.

காலையில அவன் தூங்கிட்டு இருந்தான். நான் என்ன பண்ணேன்? அண்டாவுல நல்லா வெந்நீர் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டி, ஜீன்ஸை ஊற வெச்சேன். வெந்நீர் வீணாப் போகுதேன்னு அவங்க அப்பாவோட வெள்ளை வேட்டியையும் கூடவே போட்டேன்! (சிரிப்பு) ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, வேட்டி நீலமாயிருச்சு. ஜீன்ஸ் கெண்டைக்காலுக்கு ஏறிருச்சு. எங்க வீட்டுக்காரர் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு, ‘இதைக் கட்டிட்டு நான் எந்தக் கட்சியில சேர?’ன்னு கேட்டார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

என் மகன் எழுந்து வந்தான். கோபப்படுவான்னு நினைச்சேன். கோபப்படலை. அந்தத் துணியைக் கையில எடுத்துப் பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: ‘ம்மா, அதுல ஆறு மாசம் நான் இருந்தேன்மா.’

அந்த வார்த்தை எனக்கு ஏன் சுருக்குன்னு குத்துச்சுன்னு கடைசியில சொல்றேன். முதல்ல அந்தத் துணியோட கதையைக் கேளுங்க. எதிரணிக்குப் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

தறி தெரிஞ்சவங்க இங்க நிறையப் பேர் இருப்பீங்க. பாவு, ஊடை ரெண்டும் சேர்ந்தாத்தான் துணி. டெனிம்ல பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அந்த நீலம் நம்ம அவுரி நீலம்தான். திண்டிவனம் பக்கம் இன்னைக்கும் அவுரி பயிர் பண்றாங்க. 1897-ல ஜெர்மனியில பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகு, பெரும்பாலும் அதுலதான் சாயம் போடறாங்க. சாயத்தொட்டியில முக்கி எடுக்கிறப்ப நூல் பச்சையும் மஞ்சளுமாத்தான் வெளியே வரும். காத்துப் பட்டதும் நீலமா மாறும். இப்படிப் பல தடவை முக்குவாங்க. ஆனாலும் நூலோட நடுத்தண்டு வரைக்கும் சாயம் போறதில்லை. வெளியே நீலம், உள்ளே வெள்ளை. எங்கே உடம்பு அசையுதோ, எங்கே துணி உரசுதோ, அங்கே மேல் நீலம் தேய்ஞ்சு உள் வெள்ளை தெரியும். உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு ஒரு மாதிரி வெளுக்கும். மண்டியிட்டு வேலை செய்யறவனுக்கு வேற மாதிரி வெளுக்கும். ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒரே அளவுல ரெண்டு பேர் வாங்கினாலும், ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டும் வேற வேற!

நடுவர் அவர்களே, துணி ஒண்ணுதானே? வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு? ஆள்கிட்ட இருந்துதானே வந்துச்சு! (கைதட்டல்)

சரி, ஏன் சுருங்குச்சு? தறியில பாவை இழுத்துக் கட்டித்தான் நெய்யறாங்க. நூல் அறுந்திடக் கூடாதுன்னு கஞ்சி வேற போடறாங்க. அந்தக் கஞ்சிதான் அட்டை மாதிரி விறைப்பு. தண்ணி பட்டதும் கஞ்சி கரையும், இழுத்துப் பிடிச்ச நூல் ‘அப்பாடா’ன்னு சுருண்டு தன் இடத்துக்குத் திரும்பும். நீளத்துல ரெண்டு மூணு இஞ்ச் கூடப் போயிடும். 1930-ல சான்ஃபோர்ட் கிளூயெட்ங்கிறவர், விக்கறதுக்கு முன்னாடியே எந்திரத்துல துணியைச் சுருக்கிக் கொடுக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். அதனாலதான் நாம சாதாரணமா வாங்கறது அவ்வளவாச் சுருங்கறதில்லை. என் மகன் வாங்கினது அந்த எந்திரத்துக்குப் போகாத துணி. வாங்கினதும் பச்சைத் தண்ணியில ஒரு தடவை நனைச்சிருக்கான். மிச்சச் சுருக்கத்தை என் வெந்நீர் எடுத்திருச்சு. இந்த மாதிரித் துணி வாங்குற பிள்ளைகள் இங்க இருந்தாக் கேட்டுக்கோங்க: முதல்ல நனைச்சு, சுருங்க விட்டு, நிழல்ல காய வெச்சு, அப்புறமா அடிமடிப்பு தைங்க. துவைக்கிறப்ப உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணியில தனியாத் துவைங்க. முக்கியமா, அம்மா எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே துவைச்சிருங்க! (சிரிப்பு)

இந்த ஜீன்ஸ் பிறந்ததே நாகரிகத்துக்காக இல்லைங்க. அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல ரீனோன்னு ஒரு ஊரு. அங்கே ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர். அவர்கிட்ட ஒரு விறகுவெட்டியோட மனைவி வந்து, ‘எங்க வீட்டுக்காரருக்குக் கிழியாத கால்சட்டை ஒண்ணு தைச்சுக் கொடுங்க’ன்னு கேட்டாங்களாம். அவர் பை ஓரத்துல செம்பு ஆணி அடிச்சுக் கொடுத்தார். அந்த ஆணிக்குத்தான் 1873 மே 20-ஆம் தேதி, துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து காப்புரிமை வாங்கினாங்க. அந்த அம்மா அழகான கால்சட்டையா கேட்டாங்க? கிழியாத கால்சட்டை கேட்டாங்க. உழைக்கிறவன் போட்டான், உடுப்பு அழகாச்சு. அதைப் பார்த்து உலகம் போட்டுச்சு!

நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1995-ல அரவிந்த் மில்ஸ் ‘ரஃப் அண்ட் டஃப்’னு துணி, ஜிப்பு, ஆணி எல்லாம் ஒரே பொட்டலமாப் போட்டு 195 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. வாங்கிட்டுப் போய் நம்ம தெருத் தையல்காரர்கிட்ட கொடுத்தா அவர் தைச்சுக் கொடுப்பார். என் தம்பி அதைப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்ன நிலையை இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது.

எதிரணி நண்பர் கேட்டார், ‘சாயம் போற துணி ஒரு துணியா?’ன்னு. ஐயா, சாயம் போனதாலேயே உலகப் புகழ் வாங்கின துணி ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரே நம்ம பேருதான். மெட்ராஸ்! 1958-ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க வியாபாரி, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்கிட்ட, பின்னாளில் லீலா ஓட்டல்களைக் கட்டினாரே அவர்கிட்டதான், கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிட்டுப் போனார். நியூயார்க்ல புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதைச் சட்டையாத் தைச்சு வித்துச்சு. ‘பச்சைத் தண்ணியில பதமாத் துவைக்கணும்’ங்கிற சேதி மட்டும் வாங்கினவங்களுக்குப் போய்ச் சேரலை. அவங்களும் என்னை மாதிரியே பண்ணிட்டாங்க! (சிரிப்பு) சாயம் ஓடிருச்சு, புகார் குவிஞ்சிருச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? ‘பிளீடிங் மெட்ராஸ்’னு பேர் வெச்சு, சாயம் போகும்கிறதுக்கே உத்தரவாதம் கொடுத்து வித்தாங்க. துவைக்கத் துவைக்க ஒரு நிறம் இன்னொரு நிறத்தோட கலந்து, ஒவ்வொரு சட்டையும் புதுசு புதுசா ஆச்சு. அமெரிக்காவே தேடி வாங்குச்சு! (கைதட்டல்)

நடுவர்: அம்மா, அவங்க ஒண்ணு கேட்பாங்களே. வெளுத்த ஜீன்ஸே கடையில விக்குது. காசு கொடுத்தா அந்த அழகும் கிடைச்சிருதே?

கேட்கட்டும் ஐயா. அதுக்குத்தான் காத்திருக்கேன். புதுத் துணியைப் பழசாக்க ஒரு வழி இருந்துச்சு. காத்தை அழுத்தமா ஊதி, அதோட மணலைப் பீய்ச்சி அடிக்கிறது. உழைக்காமலே உழைச்ச அடையாளம்! அந்த மணல் தூசி, குழாய் பிடிச்ச தொழிலாளியோட நுரையீரலுக்குள்ள போச்சு. சிலிகோசிஸ்னு ஒரு நோய், குணப்படுத்தவே முடியாது. துருக்கியில அந்த வேலை பார்த்த இளவட்டப் பிள்ளைகள் மூச்சு விட முடியாம இறந்து போனாங்க. அதுக்குப் பிறகு 2009-ல அந்த நாடு அந்த முறையைத் தடை பண்ணுச்சு. இப்போ பல இடங்கள்ல லேசர் கதிரால சுரண்டறாங்க. எந்திரம் மாறிருச்சு, பொய் மாறலை. என் முழங்கால் தேயாம என் ஜீன்ஸ் முழங்கால் தேயணும்னு ஆசைப்பட்டேன். அதுக்கு எங்கேயோ ஒரு தாய் பெத்த பிள்ளையோட நெஞ்சு தேய்ஞ்சிருக்கு. அதுக்குப் பேரா ஐயா அழகு? (நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க, முடிச்சிடறேன்.

இந்த ஊர்ல இருந்து தென்பழனி தாண்டி, 18 கொண்டை ஊசி வளைவு ஏறினா மேகமலை. வளைவுக்கு ஒரு பூவோட பேர் வெச்சிருக்காங்க. மேலே மணலாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல எங்கம்மா கொழுந்து கிள்ளினாங்க. சேலைக்கு மேல எங்கப்பாவோட கருநீல முழுக்கைச் சட்டை. இடுப்பைச் சுத்திச் சாக்கு. முதுகுல கூடை. வருஷக்கணக்கா அதே சட்டை. தேயிலைச் செடி உரசி உரசி முன்கை ரெண்டும் வெளுத்திருக்கும். கூடை தொங்கித் தொங்கி முதுகு வெளுத்திருக்கும். அந்தச் சட்டையைப் பார்த்தாலே, இந்தப் பொம்பளை என்ன வேலை பார்த்தான்னு சொல்லிரலாம்.

1996-ல எனக்கு டீச்சர் வேலை கிடைச்சுது. முதல் சம்பளத்துல அம்மாவுக்கு ரெண்டு புதுச் சேலை, தோட்டத்துக்குப் போட ஒரு புதுச் சட்டை வாங்கினேன். அந்தப் பழைய சட்டை எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டு, கத்தரியை எடுத்து அதைக் கரித்துணியா வெட்டிப் போட்டுட்டேன். எங்கம்மா என்னைத் திட்டலை. ஒரு கைத்துண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, தடவிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: ‘நல்லாப் பழகின துணி, தாயி.’ கடைசி வரைக்கும் அந்தத் துண்டை வெச்சுத்தான் எங்கம்மா அடுப்புல இருந்து சட்டி இறக்கினாங்க.

‘அதுல ஆறு மாசம் நான் இருந்தேன்மா’ன்னு என் மகன் சொன்னப்போ, எனக்கு அந்தக் கைத்துண்டுதான் ஞாபகம் வந்துச்சு. அந்தச் சட்டையில எங்கம்மா இருந்தாங்க. நான் வெட்டினது துணியைன்னு நினைச்சேன். மகன் ஆறு மாசம் போட்டதுக்குப் பெருமைப்படறான். அவன் அம்மாச்சி அத்தனை வருஷம் போட்டதுக்கு நான் வெட்கப்பட்டேன்! (அரங்கம் அமைதி)

நரி சாயத்தொட்டியில விழுந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். நீல நிறத்தைக் காட்டி ராஜாவாச்சு. மழை பேஞ்சுது, சாயம் வெளுத்துச்சு, நரி மாட்டிக்கிச்சு. அன்னையிலிருந்து ‘சாயம் வெளுத்துருச்சு’ன்னா நமக்கு வசவு. ஏன்? நிறம்தான் ராஜா, உள்ளே இருந்தது வெறும் நரி! ஆனா உழைக்கிறவங்க சாயம் வெளுத்தா, உள்ளே இருக்கிற மனுஷன் தெரிவான், மனுஷி தெரிவா.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், கொடியில தொங்குற உங்க அப்பாவோட சட்டையை, அம்மாவோட சேலையை ஒரு தரம் கையால தொட்டுப் பாருங்க. எங்கே வெளுத்திருக்குன்னு பாருங்க. துவைங்க, தப்பில்லை. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி மட்டும் அவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.

ஆடைக்கு அழகு சேர்ப்பது ஆளே, ஆளே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)