ஐந்து வோல்ட் மட்டும் போதாது
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த கணினியை வாங்கி வந்தேன். பிபிசி மைக்ரோ. 1981இல் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கியது. நினைவகம் 32 கிலோபைட். 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்த வகைதான். அதன் அடியில் ஏதோ ஒரு பள்ளியின் இருப்புப் பதிவேட்டு எண் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. பிள்ளைகள் தொட்டார்களோ, உறை போட்டுப் பூட்டியே வைத்திருந்தார்களோ!

மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் புகை. மின்வழங்கியில் இருந்த காகித மின்தேக்கியின் மேலுறை விரிசல் விட்டு, ஈரம் இறங்கியிருந்தது. இக்கணினிக்கு இது வழக்கமான பழுது. அதை மாற்றினாலே போதும்தான். ஆனால் 230 வோல்ட் நேராக ஏறும் பலகையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே திறந்துவைக்க எனக்கு மனமில்லை. மின்மாற்றி வைத்துப் புதிதாகவே செய்தோம். 230 வோல்ட் பக்கத்தை நானே இணைத்துப் பெட்டிக்குள் மூடிவிட்டேன்.

மின்மாற்றி சுற்ற, பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போனேன். "ஏனுங்க சார், எத்தனை குதிரைங்க?" என்றார். "குதிரையெல்லாம் இல்லீங்க, ஆட்டுக்குட்டிகூட வராது" என்றேன். 9 வோல்ட், 5 ஆம்பியருக்கு ஒரு சுற்று. 9 வோல்ட்டில் சிறிதாகத் தனியே இன்னொரு சுற்று.

முதலில் கைவசமிருந்த 7805 சீராக்கியை வைத்தோம். மீட்டர் சரியாக 5 வோல்ட் காட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் கணினியில் மாட்டப் போனேன். ஒரு மாணவி தடுத்தாள். "சார், மொதல்ல பல்பு போட்டுப் பாக்கலாங்களா?"

12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு அது. 5 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். கணினியின் தேவையும் கிட்டத்தட்ட அவ்வளவே. பல்பை மாட்டியதும் மீட்டர் முள் சரிந்தது. 7805 தாங்குவது ஒன்றரை ஆம்பியர் வரைதான். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

பிறகு 5 ஆம்பியர் தாங்கும் எல்எம் 338 வைத்தோம். அதில் வெப்பமாகவே 16 வாட் போகும். பெரிய அலுமினியத் தகடு இல்லாமல் முடியாது. பல்பு அரை மணி நேரம் எரிந்தும் முள் அசையவில்லை. அதன் பின்பே மூன்று சிவப்பு, மூன்று கறுப்புக் கம்பிகளைக் கணினியில் இணைத்தோம்.

திரையில் எழுத்து வந்தது. தொடங்கும்போது வர வேண்டிய 'பீப்' மட்டும் வரவில்லை. ஊதாக் கம்பி தனியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒலிப்பகுதிக்கு வேண்டிய மைனஸ் 5 வோல்ட்டுக்கான கம்பி அது. சிறிய சுற்றில் 7905 சேர்த்து அதையும் இணைத்தோம். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. 'பீப்'!

கணினியைப் பின்மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வந்து தட்டிப் பாருங்கள். பல்பும் எரிகிறது, சுடும், தொட வேண்டாம்.