அச்சுக் கோர்த்த கைகள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என் வாழ்வில் ஒளியேற்றியவர்" என்ற தலைப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் ஆசிரியர்களைப் பற்றிப் பேசினார்கள். நான் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் நம் கல்லூரி ஆண்டு மலரை நமக்கெல்லாம் முன்னால் படித்தவர் அவர்தான். கும்பகோணத்தில் அந்த மலரை அச்சிட்ட அச்சகத்தில் அவர் கம்பாசிட்டர்.

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்க வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போல எழுத்து திரும்பியிருக்கும். அப்பா அதைச் சரளமாகப் படிப்பார். நம் பேராசிரியர்களை முகம் பார்த்து அவருக்குத் தெரியாது, கையெழுத்தை வைத்துத்தான் தெரியும். "உங்க கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குடா. ஆனா ஒரு பிழை இருக்காது" என்பார்.

1976 மலரில் பரிசு பெற்றவர் பட்டியலில் என் பெயர் வந்தது. அதைக் கோர்த்தவர் அப்பா. வீட்டில் மூச்சு விடவில்லை. மலர் வந்த பிறகு அம்மாதான் கேட்டார், "பையன் பேரைக் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாமே?" அப்பா சொன்னார், "மத்த பிள்ளைங்களுக்கும் அப்பா இருக்காங்கல்ல?"

1978ல் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு அரசாணை வந்தது. ணை, லை, ளை, னை எழுத்துகளுக்கு மேலே இருந்த தும்பிக்கை போய்விட்டது. ணா, றா, னாவுக்கும் கால் தனியாக வந்தது. அப்போது அப்பாவுக்கு 45 வயது. கேஸில் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று பார்க்காமலே கை போகும். அந்தக் கையைத் திரும்பப் பழக்க வேண்டுமே! ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பழகினார். "நீ மட்டும்தான் பரீட்சை எழுதுவியா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்.

தாத்தா ஆன பிறகு அவர் இன்னும் இளகிவிட்டார். வேலையிலிருந்து வந்ததும் பேத்தி ஓடுவாள். "இரு கண்ணு, கையில ஈயம்" என்று சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் தூக்குவார். ஒருநாள் அவளை அச்சகத்துக்கு அழைத்துப் போனார். அச்சடித்து முடிந்த பக்கத்தைப் பிரித்து எழுத்துகளைக் கேஸில் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஐயோ தாத்தா, கதையைக் கலைக்கிறாங்க!" என்று அழுதுவிட்டாள். "கலைச்சாத்தான் கண்ணு அடுத்த கதை கோக்க முடியும்" என்றார்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். பேத்தியின் பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். அவளைத் தொடவிட்டு, உடனே கை கழுவ வைத்தார்! 2006ல் அப்பா காலமானார். அந்த எழுத்துகள் இன்றும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நண்பர்களே, பழைய மலர்களை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் குழு இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். கோர்த்தவர் பெயர் இருக்காது. விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரைக் கணினியில் தட்டச்சு செய்பவரின் பெயரையும் எங்காவது ஒரு மூலையில் போடுங்கள். பெரிய எழுத்து வேண்டாம். மற்றவர்களுக்குப் போடுகிற அதே அளவு போதும்.