தொண்டுக்கு வேண்டிய கருவிகள்

(தலைநகர்க் காலனி ஒன்றின் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் முன்னாள் செயலாளர் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்களை நெடுநேரம் காக்க வைத்தல் முறையன்று என்பதை நான் அறிவேன். மேடைக்குப் பின்னால் குழந்தைகள் வேடமிட்டுக் காத்திருக்கின்றார்கள். அவர்களுடைய தாய்மார்களின் பார்வையெல்லாம் என் கைக்கடிகாரத்தின்மீதே இருக்கின்றது. ஆதலின் சுருங்கச் சொல்ல முயல்கின்றேன். பொதுப்பணியில் தலைமை ஏற்போர்க்கும் தொண்டர்க்கும் உதவும் கருவிகள் எவை என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள்.

தொண்டுக்கு நல்ல உள்ளம் போதாதா, கருவி எதற்கு என்று சிலர் வினவலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் வள்ளுவப் பெருந்தகை அமைச்சின் இலக்கணம் கூறத் தொடங்கும்போது கருவியையே முதலில் வைத்தார். நாடாளும் அமைச்சனுக்கே கருவி முதலாவதாக வேண்டுமாயின், ஒரு காலனிக்குத் தொண்டு செய்யும் நம் போன்றோர்க்கு அது வேண்டாமென்று எங்ஙனம் கூறுவது? இவ்வுண்மையை நான் நூலில் படித்தபோது உணரவில்லை. என் பிழையால் ஒரு குடும்பம் துன்புற்றபோதே உணர்ந்தேன். அதனை இந்த அவையில் மறையாது சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் இச்சங்கத்தின் செயலாளனாக இருந்தேன். எந்த வீட்டில் எந்த இடர் வந்தாலும் "அவரைக் கேளுங்கள்" என்று என்னைச் சுட்டினார்கள். எந்த மருத்துவர் நள்ளிரவிலும் வருவார், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் கிடைக்கும், யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன குருதி வகை, இவை யாவும் என் நினைவில் இருந்தன. எதையும் நான் எழுதி வைத்ததில்லை. எழுத நேரமில்லை என்று பிறரிடம் சொல்வேன். எல்லாரும் என்னையே தேடி வருவதில் எனக்கொரு பெருமை இருந்தது என்பதே உண்மை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், என் மகளின் திருமணத்திற்காக மயிலாடுதுறைக்குச் சென்றிருந்தேன். அப்பொழுது இங்கே, கடுங்குளிரும் மூடுபனியும் சூழ்ந்த ஓர் இரவில், நம் காலனியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டிலேயே காலமானார். மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தார். அம்மையாருக்கு இந்தி பேச வராது. அவர்கள் என்னைத் தொலைபேசியில் பதினேழு முறை அழைத்திருக்கின்றார்கள். திருமண மண்டபத்தில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அத்தொலைபேசியை நான் மறுநாள் பிற்பகலில்தான் எடுத்துப் பார்த்தேன்.

நம் இளைஞர்கள் ஆறு பேர் அந்த நள்ளிரவிலேயே ஓடி வந்துவிட்டார்கள். அவர்களுடைய உள்ளத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இறப்புச் சான்று தர வேண்டியவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அருகிலிருந்த மருத்துவரை அழைத்தார்கள். தாம் முன்பு பார்த்திராத நோயாளிக்குச் சான்று தர இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது நியாயமே. வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் யார் என்பதை நான் ஒருவனே அறிவேன். அமரர் ஊர்திக்கு யாரைக் கேட்பது, அக்குடும்பத்தின் வழக்கப்படி சடங்கு செய்து வைப்பவர் எங்கே இருக்கின்றார், யமுனைக் கரையில் உள்ள நிகம்போத் காட் மயானத்திற்கு எந்தச் சீட்டுகளுடன் செல்வது, இவை ஒவ்வொன்றிற்கும் அலைந்து அலைந்து மறுநாள் மாலை ஆகிவிட்டது.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. தமிழர்க்கு முதலெழுத்தும் பெயரும் உண்டு. குடும்பப் பெயர் இல்லை. வடநாட்டுப் படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கும். அப்பெரியவரின் பெயர் பணிப் பதிவேட்டில் முதலெழுத்துடன் இருந்தது. ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் பின்னால் முழுமையாக நின்றது. வங்கிப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டலே வேறாக இருந்தது. அவசரத்தில் படிவம் நிரப்பிய நம் இளைஞர் நான்காவதாக ஒரு வடிவத்தை எழுதிவிட்டார். சான்றிதழும் அவ்வாறே வந்தது. அதைத் திருத்தி, குடும்ப ஓய்வூதியம் அம்மையாரின் கைக்கு வருவதற்குள் ஐந்து மாதங்கள் சென்றன.

ஊரிலிருந்து திரும்பியதும் அவர் வீட்டிற்குச் சென்றேன். அம்மையார் என்னைக் கடிந்துகொள்வார் என எண்ணித் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். அவரோ, "தம்பி, நீங்கள் ஊரில் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு துன்பம் வந்திராது" என்றார். அவர் அதனைப் பாராட்டாகவே சொன்னார். என் பன்னிரண்டு ஆண்டுத் தொண்டின் மீது கூறப்பட்ட தீர்ப்பாக அது என் செவியில் விழுந்தது. ஒருவன் ஊரில் இல்லாவிட்டால் நின்றுபோகும் தொண்டு சங்கத்தின் தொண்டு ஆகுமா?

அன்பர்களே! அன்றுமுதல் நான் கற்றவற்றை நான்கு கருவிகளாக உங்கள்முன் வைக்கின்றேன். இவற்றிற்கு ஆகும் செலவு நான்கு குறிப்பேடுகளின் விலையே.

முதற் கருவி குடும்பப் பதிவேடு. வீட்டிற்கு ஒரு பக்கம். குடும்பத்தார் பெயர், குருதி வகை, வழக்கமான மருத்துவர், சொந்த ஊரில் உடனே அழைக்க வேண்டிய உறவினர், வீட்டில் யார் யார்க்கு இந்தி தெரியும் என்னும் குறிப்பு, இவை போதும். இவற்றுடன், ஒவ்வொருவர் பெயரும் அவரவர் ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையும் எழுத்துக்கு எழுத்து குறித்து வைத்தல் வேண்டும். பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கக் கண்டால், ஆள் உயிருடன் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுதல் எளிது. இப்பதிவேட்டில் பெயர் சேர்ப்பது அவரவர் விருப்பம். பொறுப்பாளர் இருவரைத் தவிர வேறெவரும் அதனைப் பார்த்தலாகாது. ஒரு வீட்டின் செய்தி மற்றொரு வீட்டின் பேச்சாகுமானால் அப்பதிவேடு அன்றே செத்துவிடும்.

இரண்டாவது கருவி அழைப்பு எண்களின் பட்டியல். காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகிய மூன்றிற்கும் 112 என்னும் ஒரே எண் போதும். இணையவழியாகவோ தொலைபேசி வழியாகவோ பணத்தை ஏமாற்றிப் பறித்தால் 1930. இதில் ஒவ்வொரு மணித்துளியும் பணமே, விரைந்து அறிவித்தால்தான் பணம் கைமாறிப் போகாமல் தடுக்க இயலும். முதியோர்க்கு 14567. இலவசச் சட்ட உதவிக்கு 15100. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மகளிரும் குழந்தைகளும் வருமான வரம்பின்றியே அவ்வுதவியைப் பெறலாம். மனத்துயர்க்கு 14416. 2022இல் தொடங்கிய இவ்வுதவியில் தமிழிலும் பேசலாம். பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் நான்கு சுவர்களுக்குள் பேச்சுத்துணையின்றி இருக்கும் தாய்மார்கள் நம் காலனியில் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள். இப்பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். இருக்கின்றது, ஆயிரம் காலை வணக்கங்களுக்குக் கீழே புதைந்து கிடக்கின்றது. பெரிய எழுத்தில் தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

மூன்றாவது கருவி செய்முறைக் குறிப்பு. ஓர் இடர்க்கு ஒரு பக்கம் என்று, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுதல். இறப்பு என்னும் பக்கத்தில் நான் எழுதியிருப்பதைச் சொல்கின்றேன். வீட்டில் நேர்ந்த இறப்பாயின் கடைசி நோயில் பார்த்த மருத்துவரின் சான்று வேண்டும். மயானச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். 30 நாள்வரை தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம். அதன்பின் ஓராண்டுவரை உரிய அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்தால் நடுவரின் ஆணை வேண்டும். படிவத்தில் பெயரை எழுதுமுன் குடும்பப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இவ்வளவே. இதனைக் கையில் வைத்திருந்தால் அன்று அந்த ஆறு இளைஞர்களே அனைத்தையும் செய்து முடித்திருப்பார்கள்.

இவ்வாறே மருத்துவமனைச் சேர்க்கைக்கு ஒரு பக்கம். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தோர் வருமானம் எவ்வளவாயினும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவம் பெறலாம். டில்லி அத்திட்டத்தில் 2025இல் சேர்ந்தது. மத்திய அரசின் வேறு மருத்துவத் திட்டத்தில் இருப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இதை மருத்துவமனை வாயிலில் நின்று அறிவதினும் இன்றே அறிந்து அட்டை பெறுதல் நன்று. சாலை விபத்திற்கு ஒரு பக்கம். அடிபட்டவரைத் தூக்கிச் செல்வோர் தம் பெயரைத் தெரிவிக்குமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. இதை அறிந்த தொண்டன் அஞ்சி ஒதுங்கமாட்டான். முதலுதவியை மட்டும் தாளில் படித்தால் போதாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் அதற்குப் பயிற்சி தருகின்றன. கையால் பழக வேண்டும்.

நான்காவது கருவி கணக்கேடும் நடவடிக்கைக் குறிப்பேடும். நம்பிக்கை இருக்கும்போது கணக்கு எதற்கு என்பார்கள். நம்பிக்கை இருக்கும்போதே எழுதப்படும் கணக்குத்தான் பின்னாளில் அந்நம்பிக்கையைக் காக்கும். பெற்ற பத்து ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு, காசோலைக்கு இருவர் கையொப்பம், ஆண்டுக்கொரு முறை வெளியார் தணிக்கை, இவை மூன்றும் வேண்டும். 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் பின் 14 நாள்களுக்குள் ஆட்சிக்குழுவினரின் பெயர்ப் பட்டியலைப் பதிவாளரிடம் தருதல் வேண்டும். கசப்பு தோன்றி, பொறுப்பாளர் யார் என்னும் வழக்கு எழும் நாளில்தான் இச்சிறு தாளின் அருமை தெரியும்.

இந்நான்கையும் யார் கற்பித்தார் என்று கேட்பீர்களாயின், நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் அரங்கநாதன் அவர்களை நினைக்கின்றேன். 1892இல் சீர்காழியில் பிறந்த அப்பெரியார் நம்மைப் போன்றே ஊர்விட்டு வந்தவர். 1947 முதல் சில ஆண்டுகள் டில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1931இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளின் கருத்து, நூல் பூட்டி வைப்பதற்கு உரியதன்று என்பதும், தேடி வருபவருடைய காலம் வீணாகலாகாது என்பதுமாக அமையும். நான் என் அறிவைப் பூட்டி வைத்த நூலகமாக இருந்தேன். சாவியையும் என்னோடு மயிலாடுதுறைக்கு எடுத்துச் சென்றுவிட்டேன்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பொறுப்பையும் தனியே ஏற்காதீர்கள்; துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவருக்கும் கற்றுக்கொடுங்கள். எண்களும் விதிகளும் மாறக்கூடியன. ஆதலின் ஆண்டுதோறும் பொங்கல் விழாவிற்கு முன் நான்கு ஏடுகளையும் பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். பழைய எண் எழுதிய பட்டியல், பட்டியல் இல்லாமையினும் கொடிது. மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நினைவில் இருப்பதை இளையவர் கேட்டு எழுதிக்கொள்ள வரும்போது, "நான் இருக்கின்றேனே" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

இதோ இந்த மேசைமீது நான்கு ஏடுகள் இருக்கின்றன. குடும்பப் பதிவேட்டில் முதற்பக்கம் அந்த அம்மையாருடையது. அவரே முன்வந்து சொல்லி எழுதச் செய்தார். மகனுடைய எண்ணும், மருத்துவர் பெயரும், ஓய்வூதிய ஆணை எண்ணும் அதில் உள்ளன. இவற்றை இன்று புதிய செயலாளரின் கையிலும் துணைச் செயலாளரின் கையிலும் ஒருங்கே ஒப்படைக்கின்றேன். வருகின்ற தை மாதத்தில் பேரனின் காதணி விழாவிற்காக நான் மீண்டும் ஊருக்குச் செல்ல இருக்கின்றேன். அப்பொழுது இங்கிருந்து எவரும் என்னை அழைக்கத் தேவையில்லாத நிலை வருமாயின், அதனையே என் தொண்டிற்குக் கிடைத்த பரிசாகக் கொள்வேன்.

குழந்தைகளை இனியும் காக்க வைத்தலாகாது.