காலை ஆகாரமும் பாட்டியாரின் ஆக்ஷேபமும்



நம்மவர் இல்லங்களில் பொழுது விடிந்ததும் எழும் வழக்கு சொத்தைப் பற்றியதன்று. குழந்தை என்ன உண்டது என்பதைப் பற்றியதேயாம். பள்ளிக்கூடத்து வண்டி வாயிலில் நிற்க, தாய் இரண்டு ரொட்டித் துண்டுகளைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள். "இதுவும் ஓர் ஆகாரமா? பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையே!" என்கிறார் பாட்டியார். மருமகளின் முகம் வாடுகிறது. மகனோ கைப்பேசியினின்றும் தலை நிமிர்த்துவதில்லை.

பாட்டியார் கூற்று முற்றும் பிழையன்று. இரவெல்லாம் நீரில் ஊறிய பழைய சோறும் மோரும் சிறு வெங்காயமும், சர்க்கரை தோய்ந்த பெட்டிப் பண்டங்களினும் மேலானவை. விடியலில் அடுப்பு மூட்டவும் வேண்டுவதில்லை. வெறும் வயிற்றில் பாடம் ஏறாதென்று கண்டன்றோ தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2022-ஆம் வருஷத்தில் தம் ஆரம்பப் பாடசாலைகளில் காலைச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கினர்!

ஆயினும், ஒரு வயது நிரம்பாத சிசுவின் நாவில் தேன் தடவும் விஷயத்தில் யான் பாட்டியார் பக்ஷம் நில்லேன். தேனில் இருக்கக்கூடிய கிருமிவித்துக்கள் சிசுவின் குடலில் முளைத்து விஷமுண்டாக்கி, அங்கங்களைத் தளர்த்திச் சுவாசத்தையும் தடுக்கக்கூடும். இதில் தாய் இணங்கலாகாது.

மறுத்துரைக்க வேண்டியவர் யார்? மருமகள் உரைத்தால் எதிர்வாதமாகும். மகன் உரைத்தால் செய்தியாகும். ஆதலின், குழந்தை அருகில் இல்லாத வேளையில், அவனே தன் அன்னையிடம் பணிவுடன் சொல்லுதல் வேண்டும். குழந்தையின் எதிரில் தாயைப் பழித்தால், மறுநாளே அது தட்டைத் தள்ளிவிட்டுப் பாட்டியிடம் ஓடும். இவ்வித்தையைக் கற்பிக்க உபாத்தியாயர் வேண்டுவதில்லை.

வாரத்தில் இரண்டு நாட்காலை அடுக்களையைப் பாட்டியார் வசமே விடலாம். அந்நாட்களில் மருமகள் குறை கூறலாகாது. ஆண்மக்கள் கைப்பேசியை வைத்துவிட்டு இலை போட்டுத் தண்ணீர் எடுத்து வைக்கலாம்.