தோள்வட்டமும் அந்தாதியும்

(தலத்தெருவில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கம்பளிச் சட்டையைப் பற்றித் தலத்தெருவில் உரை நிகழ்த்துவது வேடிக்கையாகத் தோன்றலாம். மார்கழி விடியலில்கூட ஒரு துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டால் குளிர் விலகிவிடும் கடற்கரை மண் இது. கம்பளியில் சட்டை பின்னும் மரபு இங்கு இருந்ததில்லை, இருந்திருக்கவும் காரணமில்லை. ஆயினும் ஸ்வெட்டர் இவ்வட்டாரத்துக்கு முற்றிலும் அயலானதன்று. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி நடைமுறையில் கைம்மாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவுற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் மக்களும் பேரரும் இன்று பிரான்சின் குளிரில் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வந்தவர் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர் ஒன்று கற்பூர வாசனையுடன் பெட்டியின் அடியில் கிடப்பது, காரைக்கால் வீடுகளில் அரிய காட்சியன்று.

இன்னொன்றும் உண்டு. இந்த அவையில் பனியன் அணியாத ஆடவர் மிகச் சிலரே இருப்பர். பனியன் துணி நெய்யப்பட்டதன்று; பின்னப்பட்டது. பாவும் ஊடும் குறுக்கே பாய்வது நெசவு. ஒரே நூல் கண்ணியாக வளைந்து, அக்கண்ணியின் ஊடே அடுத்த கண்ணியாகப் புகுந்து வளர்வது பின்னல். திருப்பூரின் வட்டப் பொறிகள் சுற்றிச் சுற்றிச் செய்வதையே, குளிர்நாட்டுப் பெண்கள் இரண்டு ஊசிமுனைகளைக் கொண்டு கையால் செய்தனர். அக்கைவேலையின் உச்சங்களுள் ஒன்று, கழுத்தைச் சுற்றி வண்ணக் கோலம் விரியும் தோள்வட்டச் சட்டை. தையற்காரர் ‘யோக்’ என்று வழங்கும் பகுதியே இங்குத் தோள்வட்டம் எனப்படுகிறது.

அதனை மேலிருந்து கீழாகப் பின்னும் முறை கவிஞர்கள் அறியத்தக்கது. முதலில் கழுத்தின் சுற்றளவுக்கு ஊசியில் கண்ணிகள் ஏற்றப்படுகின்றன. தொடக்கமும் முடிவும் முறுக்கு விழாமல் இணைக்கப்படுகின்றன. அந்த வட்டம் சுற்றுக்குச் சுற்று வளர்கிறது. மனிதனின் கழுத்து பின்புறம் உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருப்பதால், பின்பகுதியில் மட்டும் சில வரிகள் கூடுதலாகப் பின்னப்படுகின்றன. பிறகு கண்ணிகள் பெருக வேண்டும். தோள் கழுத்தைவிட அகன்றதன்றோ?

கணக்கு இங்கேதான் வருகிறது. மார்புச் சுற்று 40 அங்குலம், அங்குலத்துக்கு 5 கண்ணி எனக் கொண்டால் உடற்பகுதிக்கு 200 கண்ணிகள். 1910இல் பிறந்து 1999இல் மறைந்த எலிசபெத் சிம்மர்மன் என்னும் பின்னற்கலை ஆசிரியை, உடற்சுற்றை நூறு பங்காகக் கொண்டு ஏனைய அளவுகளை அதிலிருந்து பெறும் வழியை வகுத்தார். கழுத்துக்கு 40 பங்கு. எனவே 80 கண்ணி. தோள்வட்டத்தின் அடிவிளிம்பில், இரு கைகளையும் சேர்த்து 276 கண்ணி. அவர் கீழிருந்து மேலாகப் பின்னுவதற்கே இக்கணக்கைச் சொன்னார். தலைகீழாகப் படித்தால் மேலிருந்து பின்னுவதற்கும் அது பொருந்தும். 80 கண்ணி 276 ஆகும்வரை வட்டம் விரிகிறது. பின்பு கைக்கு 54, கைக்கு 54 என எடுத்துத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, எஞ்சிய 168 கண்ணிகளோடு அக்குளுக்குப் பக்கத்துக்கு 16 புதிதாகச் சேர்த்தால், உடலுக்குரிய 200 வந்துவிடுகிறது. உடலைப் பின்னி முடித்தபின் காத்திருக்கும் கைக்கண்ணிகளை ஊசிக்கு எடுத்து, அக்குளில் 16 சேர்த்து, மணிக்கட்டை நோக்கிக் குறைத்துக்கொண்டே போகவேண்டும்.

கண்ணிகளைப் பெருக்குவதும் எண்ணம்போல் செய்யத்தக்கதன்று. கோலம் 12 கண்ணிகளுக்கு ஒருமுறை மீள்வது என்று வைத்துக்கொள்வோர், 80ஐ 120 ஆக்குவர். பத்து முறை கோலம் அமையும். பின்பு 180, பதினைந்து முறை. பின்பு 276, இருபத்து மூன்று முறை. எட்டுக் கண்ணிக் கோலம் 120இல் அமையும். 180இல் அமையாது, 276இலும் அமையாது. சுற்று முடியுமிடத்தில் பாதிப் பூ ஒன்று தொங்கி நிற்கும். ஆதலால் பெருக்கும் சுற்றுகளை ஒற்றை வண்ண வரிகளில் மறைத்துவைத்து, கோலம் நிகழும் வரிகளில் எண்ணிக்கையைக் கலைக்காமல் காப்பது கைதேர்ந்தவர் வழக்கம்.

கட்டளைக் கலித்துறையைப் பயின்றவர்க்கு இது புதிதன்று. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. எழுத்தை எண்ணி எண்ணி அமைத்த அடியைப் படிக்கும்போது எண்ணிக்கை காதில் விழுவதில்லை, ஓசைதான் விழுகிறது. தோள்வட்டத்தைக் காண்பவரும் 276 என்ற எண்ணைக் காண்பதில்லை. கழுத்திலிருந்து இதழ் விரிந்த ஒரு பூவையே காண்கிறார்.

காரைக்கால் மண்ணில் நின்றுகொண்டு இவ்வொப்புமையை இங்கே நிறுத்திவிட இயலாது. புனிதவதியார் என்னும் காரைக்கால் அம்மையார் அருளிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களைக் கொண்டது. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வந்து, நூலின் முடிவு அதன் தொடக்கத்தோடு சென்று கூடுகிறது. இதனை மண்டலித்தல் என்பர். முந்தைய கண்ணியின் உள்ளிருந்து அடுத்த கண்ணி புறப்படுவதும், சுற்று தன் தொடக்கத்தைத் தொட்டுக்கொண்டு மேற்செல்வதும் இதே நெறியன்றி வேறென்ன? நடுவே ஒரு கண்ணி நழுவினால் அதற்கு முந்தைய வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்கின்றன; அந்தாதியில் ஒரு பாட்டு மறைந்தால் தொடை அறுந்துபோன இடம் தானே தெரிந்துவிடுகிறது. அம்மையாரின் திருவிரட்டை மணிமாலையோ வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி வரத் தொடுத்த 20 பாடல்கள். இரு வண்ண நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் கைக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் வேறில்லை.

இருவண்ண வேலையின் நுட்பம் முன்புறத்தில் இல்லை, பின்புறத்தில் இருக்கிறது. ஒரு நூல் கோலத்தில் தோன்றும்போது மற்றொன்று துணியின் பின்னே ஓடுகிறது. பின்னே ஓடும் நூலை இழுத்துப் பிடித்தால் முன்புறம் சுருங்கிவிடும். தளர விட்டால் அணிபவரின் விரல் அதில் சிக்கும். நெடுந்தொலைவு ஓடினால் இடையில் ஒருமுறை மற்ற நூலோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நூல்களுள் எது கீழிருந்து எடுக்கப்படுகிறதோ அதன் நிறமே முன்புறத்தில் சற்று ஓங்கித் தோன்றும். பாதி வேலையில் நூல்களை இடம் மாற்றிப் பிடித்தால், கணக்கு சரியாக இருந்தும் கோலம் மங்கிவிடும். கவிதையில் சொல்லாமல் விட்டதும் இத்தகையதே. அது இல்லாததன்று, பின்னே ஓடிக்கொண்டிருப்பது.

தலைகீழ் முறைக்கு ஒரு விலையும் உண்டு. கீழிருந்து வளரும் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் விரித்த இரு இதழ்போல் மேல்நோக்கி நிற்கும். மேலிருந்து வளர்வதில் அது கவிழ்ந்து நிற்கும். ஆகவே கோலத்தாளைத் தலைகீழாக வைத்துப் படிக்க வேண்டும். இல்லையேல் பூவும் மரமும் அணிபவரின் உடலில் தலைகுப்புறத் தொங்கும். தலைகீழாய் இயங்குவது எளிதன்று என்பதைத் தலையால் நடந்து கயிலை ஏறிய அம்மையாரின் ஊருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் பயன் பெரிது. பின்னிக்கொண்டிருக்கும்போதே உடலில் போட்டுப் பார்க்கலாம். பிழை தெரிந்த இடம்வரை அவிழ்த்துத் திருத்தலாம். நூல் போதாமற்போனால் நீளத்தில் சற்றுக் குறையுமேயன்றிக் கோலம் குறைபடாது. குழந்தை வளர்ந்தபின் அடிவிளிம்பை அவிழ்த்து மேலும் இரண்டு அங்குலம் பின்னிக் கொடுக்கலாம். வடிவம் முடிந்துவிட்டது என்று கருதாமல், அணிபவரின் உடலைக் கேட்டுக் கேட்டு வளரும் முறை இது. மரபா புதுமையா என்று வழக்காடுவோர், கட்டுக்கோப்பும் நெகிழ்ச்சியும் ஒரே கையில் இருக்கக்கூடும் என்பதை இங்குக் காணலாம்.

இச்சட்டைகளின் வரலாறு இன்பமான கதை மட்டுமன்று. சுவீடனின் மேற்குக் கரையில் பூகூஸ்லேன் என்னும் பகுதி கருங்கல் வெட்டும் தொழிலால் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கல்லுக்கு வாங்குவோர் அருகினர். கல்தச்சர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அவர்தம் மனைவியர் வேலை கேட்டு ஆளுநர் மாளிகையை நாடினர். ஆளுநரின் மனைவியும் வியன்னாவில் பிறந்தவருமான எம்மா யாக்கப்சன், 1939இல் பூகூஸ் பின்னல் நிறுவனத்தைத் தொடங்கினார். அன்னலீசா மன்னெய்மர் லுன் 1947இல் வரைந்த ‘நீலச் சுடர்’ போன்ற தோள்வட்டக் கோலங்கள் கடல் கடந்து புகழ் பெற்றன. மென்மையான கம்பளியில் முயல்மயிரைக் கலந்து, வண்ணங்களுக்கிடையே மறுபுறக் கண்ணிகளைப் புள்ளிபோலத் தூவி, ஒரு நிறம் மற்றொன்றில் கரைவதுபோல் செய்தனர். கூலியும் நூலும் விலையேற, 1969இல் நிறுவனம் மூடப்பட்டது. வரைந்தவர் பெயர்கள் அருங்காட்சியகத்தில் நிலைத்தன. கல்தச்சர் வீட்டு விளக்கொளியில் கண்ணி எண்ணிய பெண்களுள் மிகப் பலரின் பெயர் உலகம் அறியாதது.

ஐசுலாந்தின் கதை வேறு. அந்நாட்டுத் தோள்வட்டச் சட்டை தொன்றுதொட்டு வருவது என்றே பயணிகள் நம்புகின்றனர். அங்குப் பின்னற்கலை 16ஆம் நூற்றாண்டு முதல் உண்டு என்பது மெய்; ஆனால் இச்சட்டை வடிவம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தோன்றியது. கிரீன்லாந்துப் பெண்களின் மணிக்கழுத்தணி அதற்கு வித்திட்டது என்பர் சிலர். 1955இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்சுனெசின் மனைவி அவுதூர் அதற்கு உருக்கொடுத்தார் என்பர் வேறு சிலர். 2020இல் அச்சட்டையின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது: ஐசுலாந்துக் கம்பளியால், ஐசுலாந்தில், கையால் பின்னப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஓர் ஆயுட்காலத்துக்குள் பிறந்த வடிவமே ஒரு நாட்டின் மரபாக நிலைபெற்றுவிட்டது. மரபு என்பது வயதால் மட்டும் வருவதன்று. பலர் கை சேர்ந்து எடுத்துப் பின்னுவதால் வருவது.

தமிழ் மண்ணிலும் நூல்வேலை ஒரு வாழ்வை மாற்றியதுண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், அங்குள்ள பெண்களுக்குச் சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, லேஸ் வேலையில் ஈட்டிய கூலியைக் கொடுத்துச் சில பெண்கள் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டனர் என்று திருப்பணியாளர் குறிப்புகள் கூறுகின்றன. அந்த லேஸ் சீமைச் சீமாட்டியரின் கழுத்தை அணி செய்தது. அதைப் பின்னிய கையின் பெயர் எந்தக் கழுத்திலும் எழுதப்படவில்லை.

இவ்விடத்தில் அம்மையாரை மீண்டும் நினைப்பது பொருந்தும். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டின் இறுதியிலும் அவர் தம்மைக் காரைக்கால் பேய் என்று குறித்துச் செல்கிறார். ஊர்ப்பெயரையும் தம் நிலையையும் பாட்டுக்குள்ளேயே முடிந்துவைத்தார். ஆகையால் நூற்றாண்டுகள் பல கடந்தும் யார் பாடியது என்ற ஐயம் எழவில்லை. பெயரைப் பொறிப்பது செருக்கன்று. வருவோர்க்கு விட்டுச்செல்லும் நூல்முனை. அம்முனை கிடைத்தால்தான் அடுத்தவர் அங்கிருந்து பின்னத் தொடங்க முடியும்.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிலைத்தது என்றால், மேடையில் பாடியவர் மட்டும் அதைப் பின்னவில்லை. அழைப்பிதழில் முகவரி எழுதியவர், பாய் விரித்தவர், மழை நாளில் நான்கு பேருக்காகவும் கூட்டத்தை நடத்தியவர், வந்தோர்க்கெல்லாம் தேநீர் வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கவிதை கேட்ட பெண்கள் ஆகிய அனைவரும் துணியின் பின்னே ஓடிய நூல்கள். அவர்களை இழுத்துப் பிடித்திருந்தால் வட்டம் சுருங்கியிருக்கும், விட்டிருந்தால் அவிழ்ந்திருக்கும். இம்மலரின் ஏதேனும் ஒரு பக்கத்தில் அவர்கள் பெயர்களும் அச்சேறுமாயின், பத்தாம் ஆண்டு அழகாக மண்டலித்து முடியும். முடிந்த இடத்திலிருந்தே பதினோராம் ஆண்டின் முதற்கண்ணி எழும்.