யாரை நிறுத்துவது? லாஸ் வேகாஸ் தொழிலாளர் தந்த பதில்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று அதற்கு முந்திய கேள்வியைப் பேசுவோம். ஒரு கட்சியின் அபேட்சகராக யாரை நிறுத்துவது? எதை வைத்து அதை முடிவு செய்வது?

நமது நாட்டில் கட்சிக் கமிட்டி கூடி அபேட்சகரை அறிவிக்கிறது. அமெரிக்காவில் முறை வேறு. ஜனாதிபதி தேர்தலுக்கு முன்பு ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கிறது. சாதாரண வாக்காளர்களே அதில் பங்கு கொள்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சீட்டுப் போட்டு ஓட்டளிப்பார்கள். 2020-ல் நெவாடா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியார் கூட்டம் கூடி முடிவு செய்தார்கள். ஹாலில் இந்த அபேட்சகருக்கு இந்த மூலை, அந்த அபேட்சகருக்கு அந்த மூலை என்று அணி பிரிந்து நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். பக்கத்தில் நிற்பவர் பார்க்க, மேஸ்திரி பார்க்க, சங்கத் தலைவர் பார்க்க நிற்க வேண்டும்.

அந்த மாநிலத்தின் பெரிய நகரம் லாஸ் வேகாஸ். சூதாட்ட விடுதிகளின் நகரம். அந்த விடுதிகளில் அறை கூட்டுகிற பெண்கள், சமையற்காரர்கள், பாத்திரம் கழுவுவோர், பரிமாறுவோர் எல்லோருக்கும் ஒரு சங்கம் உண்டு. சமையல் தொழிலாளர் சங்கம், 226-வது கிளை. 2020-ல் அதன் அங்கத்தினர் சுமார் 60,000 பேர். பாதிக்கு மேல் பெண்கள்.

இது காகிதச் சங்கம் அல்ல, தோழர்களே! 1991 செப்டம்பரில் ஃபிரான்டியர் என்ற விடுதியில் 550 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அது 1998 பிப்ரவரி வரை நீடித்தது. ஆறு வருஷத்துக்கு மேல்! அந்த 550 பேரில் ஒருவர்கூட மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. கடைசியில் முதலாளி விடுதியை விற்றுவிட்டுப் போனார். சங்கம் வென்றது.

இப்படிப் போராடித்தான் அவர்கள் நல்ல வைத்திய வசதி பெற்றார்கள். தொழிலாளரும் குடும்பத்தாருமாக 1,30,000 பேர் அதன் நிழலில் இருந்தார்கள்.

அப்போது ஜனநாயகக் கட்சியில் பல அபேட்சகர்கள் போட்டியிட்டார்கள். அவர்களில் பெர்னி சாண்டர்ஸ் வைத்த திட்டம் இது: தனித்தனி இன்ஷூரன்ஸ் வேண்டாம், சர்க்காரே நாட்டில் உள்ள எல்லோருக்கும் வைத்தியச் செலவை ஏற்க வேண்டும். அந்த நாட்டில் 2019-ல் எந்த இன்ஷூரன்ஸும் இல்லாதவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். ஜோ பைடன் முதலியோர், இருப்பதை வைத்துக்கொண்டு, வேண்டியவருக்குச் சர்க்கார் இன்ஷூரன்ஸும் கிடைக்கச் செய்வோம் என்றார்கள்.

சங்கத் தலைமை அஞ்சியது. சாண்டர்ஸ் வந்தால் நம் வைத்திய வசதி போய்விடும் என்று அங்கத்தினருக்கு நோட்டீஸ் விட்டது. அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யக்கூடாது. கையில் இருப்பதை விட்டுவிட்டு வரப்போவதை நம்பு என்றால் எந்த உழைப்பாளி உடனே தலையாட்டுவான்? சாண்டர்ஸுக்கும் இது தெரிந்திருந்தது. 2019 ஆகஸ்டிலேயே அவர் தம் திட்டத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தார். முதலாளிக்கு மிச்சமாகும் பணத்துக்குச் சங்கம் மறுபடி பேரம் பேசலாம். அது கூலியாகவோ வேறு சலுகையாகவோ தொழிலாளிக்கே சேர வேண்டும் என்றார்.

கடைசியில் தலைமை, யாரையும் ஆதரிக்கவில்லை என்று அறிவித்தது. இன்னாருக்கு நில் என்று உத்தரவு போடவில்லை. அது சரியான காரியம்.

1920-ம் வருஷம் அல்ல, 2020 பிப்ரவரி 22. வேலை நேரத்தில் வெளியே போக முடியாதவர்களுக்காகச் சில பெரிய விடுதிகளிலேயே கூட்டம் நடந்தது. வேலை உடுப்போடு தொழிலாளர்கள் வந்தார்கள். அந்த விடுதிக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் முதலிடம் யாருக்கு? சாண்டர்ஸுக்கு! தலைமையின் நோட்டீஸைப் படித்தவர்கள்தான் எல்லோரும் பார்க்க அவர் பக்கம் போய் நின்றார்கள்.

ஏன்? ஒரே வீட்டில் ஒருவருக்குச் சங்கத்தின் வைத்தியம் உண்டு. சங்கமில்லாத இடத்தில் வேலை செய்யும் தம்பிக்கு இல்லை. வேலையோடு கட்டிய வைத்தியம் வேலை போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குச் சில வாரங்களிலேயே பதில் வந்தது. மார்ச் நடுவில் கொரோனாவால் விடுதிகள் மூடப்பட்டன. சங்கத்தாரில் ஏறக்குறைய எல்லோரும் வேலை இழந்தார்கள். சங்கம் தன் நிதியிலிருந்து சில மாதங்கள் வைத்திய வசதியை நீட்டித்தது. சங்கமில்லாதவனுக்கு யார் நீட்டிப்பது?

சாண்டர்ஸ் ஜெயித்தாரா? இல்லை. மற்ற அபேட்சகர்கள் சிலர் விலகி பைடன் பின்னால் நின்றார்கள். ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸ் விலகினார். நவம்பர் தேர்தலுக்கு அந்தச் சங்கத்தார் ஒன்றாக வீடு வீடாகப் போய் பைடனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். நெவாடாவில் பைடன் ஜெயித்தார். பிப்ரவரியில் வேறு வேறு மூலையில் நின்றதால் சங்கம் உடையவில்லை.

அப்படியானால் அவர்கள் தேர்வு வீண்தானா? இல்லை, தோழர்களே. யார் ஜெயிப்பார் என்பதும் ஒரு கேள்விதான். ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்தால், பணமும் பத்திரிகையும் யாரைக் காட்டுகிறதோ அவரே அபேட்சகர் ஆவார். முதலில் கேட்க வேண்டியது: இவர் திட்டம் என்ன? என்னிடம் இருப்பதைக் காக்குமா? என்னிடம் இருப்பது இல்லாதவனுக்கு என்ன தரும்?

இங்கே ஆலைத் தோழருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விவசாயத் தோழருக்கு அது இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பாருங்கள். நாளை எந்தக் கட்சி எந்த அபேட்சகரை நிறுத்தினாலும், இந்த இருவரையும் சேர்த்து நினைத்தவர் யார் என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து கேளுங்கள்.