பன்னேர்கட்டா கரடியும் எங்கள் வீட்டு ரங்காவும்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர். ஒரு சுற்றுலாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அது எங்கள் வீட்டு பால்கனியில் வந்து முடியும்.

காலாண்டு விடுமுறையில் பெங்களூருவில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் எல்லோருமாகப் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குக் கிளம்பினோம். சஃபாரி வண்டியில் போகும்போது, மரத்தடியில் ஒரு கரடி தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நின்றது. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், "அம்மா, கரடி டான்ஸ் ஆடுது!" என்று கை தட்டினாள். வண்டியில் வந்த ஊழியர் தமிழிலேயே சொன்னார்: "அது டான்ஸ் இல்ல பாப்பா. கயித்துல கட்டிப் போட்டிருந்த காலத்துப் பழக்கம். இன்னும் போகல."

நம்மில் பலர் சிறு வயதில் தெருவில் கரடி வித்தை பார்த்திருப்போம். பயம் போக, கரடி முடி வைத்த தாயத்தும் கட்டியிருப்போம். அந்தக் கரடிகளைக் குட்டியிலேயே தாயிடமிருந்து பிடித்து வருவார்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மூக்கின் மேல் துளை போட்டுக் கயிறு கோப்பார்கள். பல்லையும் உடைத்துவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் வலி. அந்த வலிதான் ஆட்டம்.

1998-இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டத் தடை விதித்தது. மீட்கப்பட்ட கரடிகளுக்காகப் பன்னேர்கட்டாவில் 2005-இல் ஒரு மையம் தொடங்கினார்கள். கரடி ஆட்டியே பிழைத்த கலந்தர் சமூகத்தாருக்கு வேறு தொழிலுக்கும் வழி செய்தார்கள். ஆனால் கரடிகள் காட்டுக்குத் திரும்ப முடியவில்லை. கரையான் புற்றை உடைத்துத் தின்று வாழத் தாயிடம் கற்றிருக்க வேண்டும். இவை கற்கவே இல்லை. கஞ்சியும் பழமும் தேனுமாக, கடைசி வரை அங்கேதான்.

வீடு திரும்பியதும் என் மகள் நேரே பால்கனிக்குப் போனாள். அங்கே எங்கள் ரங்கா. ஆறு வருடமாக வளர்த்த பச்சைக்கிளி. கூண்டுக்குள் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. "பாட்டி, ரங்கா இறக்கைய யார் வெட்டினா?" என்று கேட்டாள்.

என் மாமியாரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வெட்டித்தான் விற்றார்கள், நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். அதிர்ஷ்டம் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பறக்கத் தெரியாத கிளியைக் காக்காயோ பூனையோ அன்றைக்கே முடித்துவிடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை.

அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் அவர் காபி ஆற்றும் சத்தம் கேட்டால் ரங்கா "அத்தை, அத்தை" என்று கூப்பிடும். மூன்றாம் நாள் அவரே கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வெட்டிய சிறகு உதிர்ந்து புதுச்சிறகு முளைக்கும் என்று அங்கே சொன்னார்கள். பறக்குமா என்று அத்தை கேட்டார். பழக்கிப் பார்க்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான் தெரியும்.

நம் குடியிருப்பில் இன்னும் சில பால்கனிகளில் கிளிச் சத்தம் கேட்கிறது. யார் மீதும் புகார் சொல்ல நான் வரவில்லை. ஆறு வருடம் நானும் வைத்திருந்தவள்தான். ஒப்படைக்க மனம் வந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.